கிளியர்

ஸ்டியரிங் தெரியும்.
பதினோரு வருசமாக இந்தக் கையில்தான் இருக்கிறது.
கிளியரும் தெரியும்:
ரோடு கிளியர், லைன் கிளியர்,
சனையா மளிகையில் பாக்கி கிளியர்.
இரண்டையும் சேர்த்து
ரொவீனா மேடம் சொன்னபோது
சந்தோசமாகத் தலையாட்டினேன்.

நாளைக்கு லேபர் ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்,
கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்,
சேலரி மேட்டர் மட்டும், ப்ளீஸ், ஸ்டியர் கிளியர்.
ஓகே மேடம் என்றேன்.
தேங்க்யூ மேடம் என்றும் சொன்னேன்.
அதற்குத்தான் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அன்று இரவே கேம்ப்பில் சொல்லிவிட்டேன்,
மூன்று மாதச் சம்பளம் கிளியர் ஆகப் போகிறது.
சி பிளாக் முழுக்கச் சத்தம்.
மாடக்கண்ணு கடன் சொல்லி ஆறு கோழி வாங்கி வந்தான்.
பீகார்ப் பையன் சுபோத் ஊருக்குப் பேசி
அந்த எருமையை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்றான்.

வந்தவர் வெள்ளை அங்கியில், நல்ல மனிதர்போல்தான் இருந்தார்.
சாப்பாடு எப்படி? ஏசி ஓடுகிறதா?
ஓடுகிறது என்றோம்.
வேறு ஏதாவது?
நாற்பத்திரண்டு பேர்.
ஒருவர் வாயிலும் சம்பளம் வரவில்லை.
வரப்போகிற பணத்தை
பேசிக் கெடுப்பானேன்?
கையெழுத்துப் போட்டார். தண்ணீர் குடித்தார். போனார்.

பத்து நாள் கழித்து
ஸ்டோரில் டென்சிலிடம் கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
டயர் கணக்கை எழுதிக்கொண்டே சொன்னான்,
'அந்தப் பேச்சுப் பக்கமே போகாதே, வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொள்
என்று அர்த்தம்.'
கொஞ்சம் பொறுத்து,
'நீங்கள் நன்றாகவே செய்தீர்களாமே' என்றான்.

கோழிக் கடன் பற்றி
மாடக்கண்ணு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.
நான் குளிக்கப் போனால் அவன் வாளியை எடுத்து வழிவிடுகிறான்.
சுபோத் எருமை என்ற சொல்லையே
மறந்தவன்போல் இருக்கிறான்.

ஜுபைலில் விடியற்காலை நாலரை.
எங்கள் ரவுண்டானா நடுவில்
மாடி உயரத்துக்கு ஒரு காப்பிக் கூஜா, பொன் நிறம்.
சாய்ந்த மூக்கிலிருந்து
ஒரு சொட்டு விழுந்து பார்த்ததில்லை.
எல்லா வண்டியும் அதைச் சுற்றித்தான் போகும்.
நானும் சுற்றினேன்.
பின்னால் நாற்பத்தொரு பேர் தூங்கினார்கள், அல்லது
கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் தவமணி.
கழுத்தைச் சுற்றித் துண்டு.
பேசும்போது அது நழுவ, சட்டென்று இழுத்துவிட்டாள்.
அதற்குள் மஞ்சள் கயிறு தெரிந்தது,
கயிறு மட்டும்.

'அங்கே குளிரா?' என்றேன்.
'லேசா' என்றாள்.
சித்திரை மாதம்.
'பணம் வந்ததா' என்று அவள் கேட்கவில்லை.
'ஏசி ஓடுதா?' என்றாள்.
ஓடுகிறது என்றேன்.