ஐந்து அட்டைகள்

செவ்வாய் இரவே பெட்டிகள் வந்துவிடும்.
காஸிமிர் கத்தியால் ஒட்டுநாடாவைக் கிழிக்க
புது மை வாடை எழும்.
கடைக்கு வெளியே
ஏரி தன் பனியையெல்லாம் வாரி
பஃபலோ நகரத்தின் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

புதன் விடிவதற்குள்
வந்த இதழ்களையெல்லாம் படித்து
உள்ளங்கை அகல அட்டைகளில்
வாரத்தின் சிறந்த ஐந்து எவை என்று எழுதி
அலமாரி விளிம்பில் ஒட்டவேண்டும். என் வேலை அவ்வளவுதான்.
கூலி: கறுப்புக் காபி, ஹீட்டர் பக்கத்து நாற்காலி,
ஓரம் மடங்கி விற்காமல் போகும் பிரதிகள்.

முதல் அட்டை.
உப்புக் கவசன், இதழ் நாற்பத்தொன்று.
மறுபடி செத்திருக்கிறான்.
இது மூன்றாவது சாவு என்பதால்
இழவுக்கு வந்தவர்களே கடிகாரம் பார்க்கிறார்கள்.
ஆனால் அவனைக் கடல் வாங்கிக்கொள்ளும் அந்த இரட்டைப் பக்கம்!
வண்ணம் தீட்டியவருக்கு ஒரு கும்பிடு.
மூன்று நட்சத்திரம்,
அதில் இரண்டு கடலுக்கு.

ஏழாம் மின்னல், இதழ் ஒன்று.
ஆறாவது தடவையாக இதழ் ஒன்று.
பழைய கள், புது மொந்தை,
மொந்தைக்கு வெள்ளிப் பூச்சு வேறு.
விரல்ரேகை ஒட்டுகிறது, கதை ஒட்டவில்லை.
காஸிமிர் எட்டிப் பார்த்து
"நாற்பது பிரதி வாங்கியிருக்கேன், கொஞ்சம் இரக்கம் காட்டு" என்றார்.
'அட்டைப்படம் பளபளக்கிறது' என்று எழுதினேன்.
பொய் இல்லையே.

நள்ளிரவுத் தூதி, ஒன்பது.
இருபத்திரண்டு பக்கமும் நின்றுபோன லிஃப்டுக்குள்.
அவள், அவளைக் கொல்ல வந்தவன், ஒரே ஒரு சூயிங்கம்.
அவன் பாதியைப் பிய்த்து நீட்டும் கட்டத்தில்
வசனமே இல்லை.
எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்காக
நான்கு நட்சத்திரம்.

பிறகு கோபுரக் காவலர், நூற்றுப் பதினெட்டு.
அடி உதை அடி.
கண்ணாடி மழை.
கட்டடங்கள் அப்பளமாய் நொறுங்குகின்றன.
ஒன்பது பேர் ஒரே பக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள்,
யாருடைய பல் யாருடையது என்றே தெரியவில்லை.
இரண்டு என்று எழுதப் பேனா திறந்தேன்.

பதினான்காம் பக்கம், மூன்றாம் கட்டம்,
கீழ் மூலை.
பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்.
பச்சைக் கோட்டு, காகிதப் பை,
பைக்கு மேலே தலைநீட்டும் செலரித் தண்டு.
வானத்தில் ஒரு பாலம் பறக்கிறது.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை,
சாலையின் வளைவைப் பார்க்கிறாள்.

எங்கேயோ பார்த்த கோட்டு.
பழைய பெட்டியை இழுத்து
நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினாறு.
இருக்கிறாள்.
நூற்றுப் பதினான்கில் கணுக்காலில் கட்டு.
நூற்றுப் பதினைந்தில் அவளைக் காணோம்,
பாதி இடிந்த மூன்றாம் மாடியில்
நாற்காலி முதுகில் கோட்டு மட்டும்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
நல்லவேளை, நூற்றுப் பதினாறு கையிலேயே இருந்தது:
அதே நிறுத்தம், அதே பச்சை,
ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

கதையில் அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
எறும்பு எழுத்தில் கடைசிப் பக்கத்தில்:
பின்னணி உதவி, டெ. ஒசூனா.

இரண்டை அடித்துவிட்டு ஐந்து போட்டேன்.
காரணம் எழுத அட்டையில் இடமில்லை,
'மூலைகளைப் பார்க்கவும்' என்று மட்டும்.

ஆறு மணிக்குக் கதவு தட்டல்.
பனிவாரி வண்டியின் மஞ்சள் விளக்கு கண்ணாடியில் சுழல
லவெல் உள்ளே வந்தான், இரவு ஷிப்ட் முடிந்து,
இமையெல்லாம் வெள்ளை.
பத்து வருஷமாக வாங்குவது கோபுரக் காவலர் மட்டும்தான்.
"யாரு ஜெயிச்சாங்க?"
"பஸ் இன்னும் வரலை" என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியபடி
"எந்த ரூட்?" என்றான்.

நான் கவனிக்கவில்லை.
இருவருமாய்ப் பதினான்காம் பக்கத்தை
விளக்கடியில் பிடித்தோம்.
நிறுத்தப் பலகை தெரிகிறது.
எண் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வில்லனின் முழங்கை.

ஐந்தாவது அட்டை இன்னும் காலி.
காஸிமிர் கதவில் தொங்கும் பலகையைத் திருப்புகிறார்.