பதினெட்டு அங்குல ஜால்ரா

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில்
மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான் ஹாலன்.
ஸ்டாண்டில் மாட்டுமுன் சட்டை நுனியால்
ஒருமுறை துடைத்தான்.
கிராஷ் சிம்பல், பதினெட்டு அங்குலம் என்றான்.
தமிழில் ஜால்ரா என்றேன்.
டெரன்ஸ் சிரித்தான். ஹாலன் சிரிக்கவில்லை.

எவ்வளவு என்று கேட்டது யோகமலர் மட்டும்.
இருபத்திரண்டாயிரம்.
ஏது காசு?
ஓவர்டைம்.
அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில்
மூன்று ஷிப்டும் ஓடுகிறது.
எல்லையில் சண்டை தொடங்கி ஒன்பது நாள்.

அப்புறம் கொஞ்ச நேரம்
தகரக் கூரையில் மழைதான் பேசியது.

போர் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு.
மவுண்ட் ரோட்டு டீக்கடையில் அதைச் சொல்லி
இரண்டு நண்பர்களை இழந்தேன்.
நீங்க எந்தப் பக்கம் சார் என்று
கத்தியைக் கழுத்தில் வைத்தபடி கேட்டார் சலூன்காரர்.
சவரம்தான்.
அந்த நிலையில் எவனும் தேசபக்தன்.

டெரன்ஸ் வேறு கட்சி.
ஒரே அடி, அதோட முடிச்சிடணும் என்பான்
பேஸ் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே.
ஒரே அடியில் எதையும் முடித்தவனில்லை,
எங்கள் பாட்டில் ஒன்றைக்கூட.

கிடாரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால்
தன் குரலைத் தானே கேட்கும்,
கேட்டதையே சொல்லும்,
சொன்னதை இன்னும் பெரிதாய்க் கேட்டு
ஊளையிடும்.
இந்த வாரம் குன்னூரே அப்படித்தான் என்று
மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்,
நல்ல உவமை என்ற நினைப்பில்.
சொல்லாதது ஒன்று:
எனக்கு அந்த ஊளை பிடிக்கும்.
பதினாறு வயதில் அதற்காகத்தான் கிடார் எடுத்தேன்.
நெஞ்செலும்பு அதிர்ந்து
நான் என்று ஒருவன் இல்லாமல் போக.
அரை அடி விலகி நின்றால் அடங்கிவிடும்.
விலக மனசு வராது.

எட்டு மணிக்குச் சங்கு. இருட்டு ஒத்திகை.
வெலிங்டன் அணைந்தது.
எதிர்மலை லயத்து வீடுகள் ஒவ்வொன்றாய்,
கடைசி வீடு மட்டும் ரொம்ப யோசித்து.
எங்கள் கொட்டகையில் மிச்சம்
ஆம்ப்ளிஃபையரின் சிவப்புப் பொட்டு.
அதையும் மூடு என்று அதட்டினான் டெரன்ஸ்,
யாரோ அவனை கர்னலாக்கிவிட்ட மாதிரி.
யோகமலர் கம்பளிக் குல்லாயைக் கழற்றி
அதன்மேல் கவிழ்த்தாள்.

ஹாலனுக்குக் கை சும்மா இருக்காது.
புதுசை விரல் நுனியால் தொட்டான்.
ஈரக்கல்லில் எண்ணெய் விழுந்தாற்போல்
ஒரு நீண்ட சீறல்.

இப்ப அத அடிக்காத, என்றாள்.
எண்ணிக்கிட்டிருக்கேன்.

என்னத்தை?

வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல எண்ணுவோம்.
பத்து வந்தா படுக்கலாம்.
மூணுன்னா ஓடணும்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து
படகேறி வந்தபோது அவளுக்கு ஏழு வயது.
கோத்தகிரி எஸ்டேட்டில் வளர்ந்தவள்.
ஆறு வருஷமாக எங்களோடு
சுவரைப் பார்த்துத் திரும்பிநின்றே பாடுகிறாள்.
நான் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.
போஸ்டரில்கூடப் போட்டோம், முதுகுப் படம்.

எந்த வெளிச்சமும் வரவில்லை.
அவளோ நிறுத்தவில்லை,
நாற்பது, நாற்பத்தொன்று,
வாய்க்குள்ளேயே.
எண்களின் இடுக்கில் ஹாலன்
தொடையில் தட்ட ஆரம்பித்திருந்தான்,
தெரிந்தா தெரியாமலா, கேட்கவில்லை.
டெரன்ஸின் தடித்த கம்பி ஒருமுறை முனகி
நின்றுகொண்டது.
இதை ஒரு பாட்டாக்கலாமே என்று
எனக்குத் தோன்றியது.
இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மறுபடி சங்கு. மலை முழுக்க விளக்கு.
கதவைத் திறந்தால் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை,
எவ்வளவு நேரமாய் நிற்கிறதோ,
எங்களைப் பார்த்தபடி அசைபோட்டது.
யோகமலர் குல்லாயை மாட்டிக்கொண்டு
ஏழாவது பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாமா என்றாள்.

ஆரம்பித்தோம். சுமாராக வந்தது.

ஹாலனுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட்.
துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து
நனையாம பாத்துக்க என்றான்.
தகரம் ஒழுகும் இடம் எனக்குத் தெரியும்.
அங்கிருந்து அரை அடி
தள்ளி வைத்தேன்.