பல்லி சொல்

பகலெல்லாம் தூங்கி விழுந்தேன்.
கரண்டி வாய்க்கு வரும் வழியிலேயே கண் செருகிக்கொள்ளும்.
தசை இறுக்கத்துக்குத் தரும் மாத்திரை என்றார்கள்.
மனச்சோர்வு என்றார் ஒருவர், என் முகத்தைப் பார்க்காமலே.
நீர்மலா ஒன்றும் சொல்லவில்லை.
இரவில் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்:
என் மூச்சு நின்றதும் ஒன்று, இரண்டு,
முப்பத்தொன்றில் விலாவில் ஓர் இடி.
அது எனக்கு எட்டாது.
என் ஊர் தோளோடும் முழங்கை மடிப்போடும் முடிகிறது,
அதற்குக் கீழே நடப்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான்.
பிறகு கன்னத்தில் தட்டக் கற்றுக்கொண்டாள்.

விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய்,
மெரிபேங்க் வீட்டிலேயே ஓரிரவு அளந்தார்கள்.
மணிக்கு நாற்பத்தேழு முறை.
சிஸ்டர் தெம்பெக்கா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.
சரிந்து சரிந்து ஏறும் கோடு,
துறைமுகத்தில் நான் ஓட்டிய கிரேனின்
கொக்கியைப் போல.
அந்தக் கிரேனின் ஏணியில்தான் கால் தவறியது.

முகமூடி வந்தது. கையேடும் வந்தது.
'அசௌகரியமாக இருந்தால் நீங்களே கழற்றிவிடலாம்.'
படித்துவிட்டு நீர்மலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.
பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றது.
வாந்தி வந்தால்?
தம்பி தயானந்த் தன் டாக்சியின் பழைய சீட் பெல்ட்டை அறுத்து
வாரிலிருந்து என் மணிக்கட்டுக்கு ஒரு வளையம் தைத்தான்.
முழங்கையை மடக்கினால்
முகம் கையோடு வந்துவிடும்.
மற்றதற்கெல்லாம் நாக்கைச் சொடுக்கி அழைப்பது.
ரெண்டு முறை, பல்லி மாதிரி.

முதல் வாரம் மூக்குத் தண்டில் புண்.
இரண்டாம் வாரம் வாய் பாலைவனம்.
மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம்
கிரிக்கெட் முழுதும் பார்த்தேன், விழித்தபடியே,
தோற்றோம்,
அதுகூட நன்றாக இருந்தது.
நீர்மலாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை.
எண்ண ஒன்றுமில்லாமல் என்ன செய்வது என்றாள்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு மின்வெட்டு,
நிலை நான்கு.
கார் பேட்டரியும் கையை விரித்துவிட்டது.
காற்று நின்றது. எண்ணெய் ஆலையின் வாடை
ஜன்னல் கம்பி வழியே உள்ளே வந்து உட்கார்ந்தது.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினேன்.
சொடுக்கவில்லை.
பக்கத்துக் கட்டிலில் அவள்
வாய் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே,
எத்தனை வருஷத்துக்குப் பிறகோ
அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள்.
முழங்கையை மடக்கினேன்.
நாலு வருஷத்தில் யாரையும் கேட்காமல்
நான் செய்த முதல் காரியம்.
தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.
கப்பல்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன்,
பாதி மறந்துவிட்டது.
அவளுக்கும் குறட்டை உண்டு. கல்யாணமாகி
பத்தொன்பது வருஷம், இப்போதுதான் தெரியும்.

நாலரைக்கு விளக்கு வந்தது.
இயந்திரம் ஆளில்லாத தலையணைக்கு
மூச்சு ஊதத் தொடங்கியது.
சுவரில் நிஜமான பல்லி ரெண்டு முறை சொல்லிற்று.
நீர்மலா திடுக்கிட்டு எழுந்து
'வரேன், வரேன்' என்றாள்.
நான் இல்லை என்றேன்.
நம்பவில்லை.