பாடி மட்டும்

ஹவல்லியில் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்
குளிர்காய்ந்துகொண்டு கறுப்பாய் இருக்கிறது அது.
"பாடி மட்டுமா, லென்ஸோடயா?"
ஷாநவாஸின் தலச்சேரித் தமிழ்.
பாடி மட்டும் நானூற்று நாற்பத்தைந்து தினார்.
பழையதைக் கொடுத்தால் முப்பத்தைந்து கழியும்.

கேபிளைச் செருகிக் கணக்குப் பார்த்தார்.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து முந்நூற்று ஆறு.
அத்தனை தடவை கண்சிமிட்டியிருக்கிறது.
"ஷட்டர் எப்ப வேணும்னாலும் போகும் அண்ணா."
எனக்கும் நாற்பத்தாறு.
எப்போது வேண்டுமானாலும்தான்.

கைப்பிடி ரப்பர் போன ஆகஸ்டில் உரிந்தது,
பசையில் நிற்கிறது.
மண்காற்று அடித்த ஒரு மே மாதம்
சால்மியா கடலோரம் நின்று
புத்தியில்லாமல் லென்ஸ் மாற்றினேன்.
அன்றிலிருந்து எந்த வானத்தை எடுத்தாலும்
வலது மேல்மூலையில் ஒரு புள்ளி.
பதினான்கு மணப்பெண்களுக்கு மேலிருந்து
அதை அழித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு நாள் நான் ஏசி டக்ட் வரைகிறவன்.
வெள்ளிக்கிழமை மட்டும் போட்டோகிராபர்:
மங்காஃபில் பிறந்தநாள், அப்பாஸியாவில் வளைகாப்பு,
பிள்ளைகளின் புதுநன்மை.
அந்த ஹாலில் வெளிச்சம் என்பது
இரண்டு ட்யூப்லைட்டும் ஆண்டவரின் இரக்கமும்.
ஐஎஸ்ஓவை ஏற்றினால்
வெள்ளைக் கவுனில் ரவை கொட்டியதுபோல் வரும்.

புதியதில் அப்படி வராதாம்.
இருட்டிலும் மாவாய்ச் சலித்துத் தருமாம்.
கண்ணைத் தானே தேடிப் பிடிக்குமாம்.

அந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

எனக்கு ஃப்ளாஷ் பிடித்தவன் ததேயு.
மார்ச்சில், மூன்றாம் மாடிச் சாரத்தில்
மதியச் சாப்பாட்டுக்கு முன்.
தூத்தூரிலிருந்து அவன் தங்கை இரண்டு கேட்டாள்.
ஒன்று, பெரிசாக்க ஒரு நல்ல போட்டோ.
இன்னொன்று,
"பாடி எப்பண்ணே வரும்?"

ஏழு வருடம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றவன்.
ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன்.
சுவரில் அவன் நிழல்.
ஒரு நிலைக்கண்ணாடியில் அவன் முழங்கை.
முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில்.
அன்று பேட்டரி தீர்ந்துபோனதால்
காகிதத் தட்டு எடுத்துக் கொடுக்கப் போயிருந்தான்.
கேக்குக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில்,
அவரைக்கொட்டை அளவு.
வெட்டிப் பெரிதாக்கினேன்.
கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கட்டம்.

புதியதில் நாலரைக் கோடிக் கட்டம் அண்ணா,
என்கிறார் ஷாநவாஸ், ஒன்றும் தெரியாமல்.

வீட்டில் ஜெசிந்தா நைட் டியூட்டிக்குக்
கிளம்பிக்கொண்டிருந்தாள்.
இரண்டு மாத வாடகை என்றேன். தெரியும் என்றாள்.
ததேயு படம் தெளிவாக வந்திருக்கும் என்றேன்.
ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"வாங்குறதுன்னா வாங்குங்க.
அவனைச் சாக்கு சொல்லாதீங்க."

உண்மைதான்.
தானே தேடுகிற அந்தக் கருவி
முதலில் பிடித்திருக்கக்கூடியது
மெழுகுவத்தி ஊதிய குழந்தையின் கண்ணைத்தான்.
நானும் அதைத்தானே பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை புதுநன்மை.
இப்போது ஃப்ளாஷ் பிடிக்கிறவன் ரீகன், பத்தொன்பது வயது,
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான்.
பூசை தொடங்குமுன் வெள்ளைச் சுவரோரம் நிறுத்தினேன்.
"நானா? எதுக்கு?"
பதில் சொல்லவில்லை. அமுக்கினேன்.
முந்நூற்று ஏழு.
முகம் முழுக்க ரவை. வலது மேலே புள்ளி.
இரண்டு கண்ணும் இருந்தன.

இரவில் ஷாநவாஸ் மெசேஜ்:
ஒரு பீஸ்தான் பாக்கி, எடுத்து வைக்கட்டுமா?

யோசிக்கிறேன் என்று போட்டேன்.
அனுப்பிய பிறகு இன்னொன்றும் போட்டேன்:
அந்த முப்பத்தைந்தை
நாற்பதாக்க முடியுமா?