படிவம் 1-ஏ

புதுவயல் கிளினிக்கில் கரண்ட் போய் அரை மணி.
அடைக்கலம், ஐம்பத்து மூன்று, பள்ளிக்கூட வேன்.
கண் அட்டையின் கடைசி வரியை
நான் கேட்கும் முன்பே ஒப்பித்தார்.
"வருசா வருசம் இதே அட்டைதானே, டாக்டரம்மா."

சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
"நேத்து கண்டனூர்ல ஒரு கல்யாணம். கவுனி அரிசி."

இசைக்கவையைத் தட்டிக்
கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன்.
அதிருதா?
அதிருது.
அடுத்த முறை தட்டாமலே வைத்தேன்.
அதிருது என்றார்,
முன்னதைவிடக் கொஞ்சம் உறுதியாக.

பிரேக்கை மிதிக்கிற கால்.

பிறகு அவர் பேசியதெல்லாம் கணக்கு:
பதினாலு பிள்ளைகள், ரெண்டு தவணை பாக்கி,
இதுவரைக்கும் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.
பேனா மூடியைக் கழற்றினேன், போட்டேன்,
மறுபடி கழற்றினேன்.
"நாளைக்கு வாங்க, பார்ப்போம்."
கோழைத்தனம்தான்.

அவர் போன பிறகு
கட்டிலுக்கு அடியில் கிடந்தது
வலது செருப்பு.

ஜன்னலுக்கு வெளியே, சித்திரை மத்தியானம்,
கொதிக்கிற தார் ரோட்டில்
ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுங்காலாக
துள்ளாமல், தாவாமல்,
வேனை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்,
சாவியை வாங்க.