மூன்று மில்லிமீற்றர்

அச்சுவேலி பேட்டையில் இரவு வேலை,
நானும் கிறிசாந்தியும்.
கரண்ட் போய் வந்த பிறகு
முதல் துண்டை நம்பக்கூடாது,
இரண்டாவதையும் நம்பவில்லை.
நுனியில் ஒரு கணக்கு, அடியில் ஒரு கணக்கு.

தொண்ணூறு நீளத்தில்
ஈர்க்கு மாதிரி ஓர் ஊசி.
மற்ற லேத்தில் வைத்தால்
கத்தி பட்டதும் வளைந்துகொடுக்கும்,
காகம் குந்திய முருங்கைக் கொப்பு.
இதில் கத்தி கிட்டவே நிற்கும்.
கம்பிதான் புஷ்ஷுக்குள்ளால் வெளியே வரும்,
வந்த இடத்திலேயே சீவுப்படும்.
வளைய இடமில்லை.

புஷ்ஷை இறுக்கினேன், முனகியது.
மயிரளவு தளர்த்தினேன்,
ஊசி முழுக்க நடுக்கத்தின் வரி.
இறுக்கினேன்.
எண்ணெய் தெறித்துக் கண்ணுக்குள் எரிந்தது.
பிழை என் கையில் என்றுதான்
ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

கிறிசாந்தி புதுக் கம்பியொன்றை
கண்ணாடி மேசையில் உருட்டினாள்.
"உது வட்டமில்லையப்பா."
அளந்தோம். ஒரு பக்கம் மூன்று,
திருப்பினால் நூறில் இரண்டு குறைவு.
கொழும்பிலிருந்து வந்த கட்டு முழுக்க அப்படி.
சிரிப்பு வந்தது எனக்கு,
அவளுக்கு வரவில்லை.

பழைய கட்டில் நாலு கம்பி கிடந்தது.
விடியிறதுக்குள் நூற்றுப் பன்னிரண்டு ஊசி,
எதுக்குள் போகுமென்று
ஓடரில் எழுதவில்லை.

ஒவ்வொரு கம்பியிலும்
கடைசி ஒரு சாண் புஷ்ஷுக்கு எட்டாது.
அந்த மிச்சங்களைக் கிறிசாந்தி
பாகல் கன்றுக்குக் குத்த எடுத்துப் போவாள்.
இன்றைக்கு
வட்டமில்லாததிலும் இரண்டைக் கேட்டாள்.