கிட்னி டிரேயில் நான்கு கைப்பேசிகள்

கதவில் ஒட்டியாயிற்று:
ஊசி போடுகிறோம், தட்டாதீர்கள்.
எல்லாருடைய போனையும் கிட்னி டிரேயில் வாங்கி
வெளியே ஸ்டூலில் வைத்தாள் சிஸ்டர் ரெஜினா.
வார்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருக்க
பாதி அழுகையில் அணைத்தோம்.
கோத்தகிரி மழையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை,
தகரக் கூரையில் அது தன் பாட்டுக்கு.

முழங்காலை நெஞ்சோடு மடக்கி
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் புஷ்பவல்லி.
கொழுந்துக் கூடை உரசிக் கறுத்த முதுகு.
ஹவுஸ் சர்ஜன் ஜியாவுதீனின் கட்டைவிரல்
எலும்பு எலும்பாக இறங்கி
மூன்றாம் இடைவெளியில் நின்றது.

"தொப்புளைப் பாத்துப் போ.
மெதுவா. கோணம். கோணத்தைப் பாரு.
எலும்பா? வெளியே எடு. முழுசா இல்ல.
போன வாரம் சுனந்தாவும் இதே இடத்துலதான்..."

"டாக்டரம்மா" என்றாள் புஷ்பவல்லி சுவரிடம்,
"நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா
அந்தத் தம்பி குத்தி முடிச்சிரும்."

ரெஜினா அவசரமாகக் கையுறைப் பெட்டியில்
எதையோ தேடினாள்.

வாயை மூடினேன்.
மாஸ்க்குக்குள் நாக்கு இன்னும்
கோணம் சொல்லிக்கொண்டிருந்தது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
மழை. அவள் மூச்சு. மறுபடி மழை.
அவன் நிறுத்தினான்.
நகக்கண் அளவு மேலே திருப்பினான்.
உள்ளே ஏதோ வழிவிட்டதை
அவன் தோள்தான் எனக்குச் சொன்னது.

உள்கம்பியை உருவ,
முதல் சொட்டு, ஊற்றுநீர்த் தெளிவு.
யாரும் சபாஷ் சொல்லவில்லை.
எட்டு, ஒன்பது என்று
உதட்டுக்குள் எண்ணினான்.

கதவைத் திறந்தபோது
என் போன் அதிர்ந்து அதிர்ந்து
டிரேயையே
ஸ்டூல் விளிம்புவரை நகர்த்தியிருந்தது.